சிறுவர்கள் நிரலாக்கம் கற்பதற்கான மைக்ரோகன்ட்ரோலர் போர்டை வடிவமைப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

பத்து வயதுக் குழந்தை ஒன்று தன் முதல் நிரலை எழுதி ஒரு எல்.இ.டி. விளக்கை எரியவைக்க முயல்கிறது, விளக்கு எரியவில்லை. தவறு நிரலில் இருக்கலாம். அல்லது உறுப்புகளைத் துளைகளில் செருகிச் சுற்று அமைக்கும் பிரெட்போர்டில் வயர் ஒரு துளை தள்ளிச் செருகப்பட்டிருக்கலாம், எல்.இ.டி.யின் கால்கள் இடம் மாறியிருக்கலாம், 330 ஓம் ரெசிஸ்டருக்குப் பதிலாக ஏறத்தாழ அதே நிறப் பட்டைகள் கொண்ட 33 கிலோ ஓம் ரெசிஸ்டர் போய்ச் சேர்ந்திருக்கலாம், யூ.எஸ்.பி. கேபிள் சார்ஜ் ஏற்ற மட்டுமே பயன்படும் வகையாக இருக்கலாம். அனுபவமுள்ளவர் மல்டிமீட்டரை எடுத்து இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். குழந்தையோ ஐந்து இடங்களில் ஒரே நேரத்தில் தேட வேண்டியிருக்கிறது. அந்த அரை மணி நேரத்தில் அது கற்றுக்கொள்வது நிரலாக்கத்தை அல்ல, 'இது எனக்கு வராது' என்ற எண்ணத்தைத்தான்.

ஆகவே சிறுவர்களுக்கான போர்டை வடிவமைக்கும்போது எல்லா முடிவுகளையும் ஒரே அளவுகோலால் அளக்கலாம் என்பது என் உறுதியான கருத்து: ஏதேனும் வேலை செய்யாதபோது குழந்தை தேட வேண்டிய இடம் நிரல் மட்டுமாகவே இருக்க வேண்டும். மின்சுற்றில் தவறு நிகழவே வழியிருக்கக் கூடாது. நிகழ்ந்தால் அது எதையும் கெடுக்காததாகவும், கண்ணுக்குத் தெரிவதாகவும் இருக்க வேண்டும். மின்சுற்று அமைப்பதைக் கற்பிப்பதும் மிக நல்லதே, ஆனால் அது வேறொரு பாடம். இரண்டையும் முதல் நாளிலேயே ஒன்றாகத் தரக் கூடாது. கீழே வரும் படிகள் 9 முதல் 13 வயது வரையுள்ள மாணவர்களுக்கான ஒரு போர்டை, நிரலை இயக்கும் சிறு கணினிச் சிப் (மைக்ரோகன்ட்ரோலர்) பொருத்திய ஆயத்த போர்டான ராஸ்பெரி பை பிக்கோவை அடித்தளமாகக் கொண்டு, தொடக்கத்திலிருந்து வடிவமைப்பதை விளக்குகின்றன.

படி 1: மின்சுற்றுக்கு முன் பாடங்களை எழுதுங்கள்

மின்சுற்றுப் பலகை வரையும் கிகேட் (KiCad) மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் முதல் பத்துப் பாடங்களை வரிசையாக எழுதுங்கள். ஒரு விளக்கை எரியவைத்தல், அதைச் சிமிட்டவைத்தல், மூன்று விளக்குகளைப் போக்குவரத்து சிக்னல் போல மாற்றுதல், பொத்தானை அழுத்தும்போது விளக்கு எரிதல், பொத்தானை அழுத்திய தடவைகளை எண்ணுதல், ஒலி எழுப்புதல், ஒரு சிறு பாட்டு வாசித்தல், இருட்டும்போது தானே எரியும் விளக்கு, குமிழைத் திருப்பினால் மாறும் வெளிச்சம், கடைசியில் இருவர் விளையாடும் 'யார் முதலில் அழுத்துகிறார்' விளையாட்டு. இந்தப் பட்டியலே போர்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறது: மூன்று எல்.இ.டி.கள், இரண்டு பொத்தான்கள், ஒரு பஸ்ஸர், ஓர் ஒளி உணரி, ஒரு சுழல் குமிழ். இவற்றில் எதற்கும் வயர் தேவையில்லை.

பாடப் பட்டியலில் இல்லாத எதையும் போர்டில் சேர்க்காதீர்கள். வெப்பநிலை உணரி, வண்ண எல்.இ.டி. வளையம், சிறு திரை, மோட்டார் இயக்கி என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கத் தோன்றும். சேர்க்கும் ஒவ்வொன்றும் குழந்தையின் கண்ணுக்கு முன்னால் இன்னொரு புரியாத பொருள். மோட்டாருக்கு வேறொரு காரணமும் உண்டு. அது தொடங்கும்போது இழுக்கும் மின்னோட்டம் மின்னழுத்தத்தைத் தாழ்த்தி மைக்ரோகன்ட்ரோலரையே மறுதொடக்கம் செய்யவைத்துவிடும், குழந்தைக்கு அது நிரல் பிழையாகவே தெரியும். மோட்டாரைத் தனி பேட்டரியோடு, இரண்டாம் ஆண்டுக்கான தனி போர்டில் வையுங்கள்.

படி 2: மைக்ரோகன்ட்ரோலரைத் தேர்ந்தெடுத்தல்

இந்தத் துறையில் ஏற்கெனவே இருக்கும் இரண்டு போர்டுகளிடமிருந்து கற்க நிறைய உண்டு. 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் பிறந்த ஆர்டுயினோ, நிரல் ஏற்றும் வேலையை ஒரே கேபிள், ஒரே பொத்தான் என்ற அளவுக்கு எளிமையாக்கியது. ஆனால் ஆர்டுயினோ ஊனோவில் நிரல் எழுதிச் சோதிக்கக் கூடியதாகக் கையருகே இருப்பது ஒரே ஒரு சிறு எல்.இ.டி.தான், மற்ற எல்லாவற்றுக்கும் வயர் இழுக்க வேண்டும். 2016-இல் பிரிட்டனில் 11, 12 வயதுடைய ஏறத்தாழ 10 லட்சம் மாணவர்களுக்கு இலவசமாக வழங்கப்பட்ட பிபிசி மைக்ரோபிட் அந்தக் குறையை நேரடியாகத் தீர்த்தது: 25 எல்.இ.டி.கள், இரண்டு பொத்தான்கள், அசைவு உணரி எல்லாம் போர்டிலேயே. நிரலை ஏற்றுவதற்கு, பென் டிரைவில் ஒரு கோப்பை நகலெடுப்பது போல இழுத்து விட்டால் போதும். இந்த இரண்டாவது பண்பின் மதிப்பைப் பலர் உணர்வதில்லை. பள்ளிக் கணினிகளில் டிரைவர் மென்பொருளை நிறுவ ஆசிரியருக்குப் பெரும்பாலும் அனுமதி இருக்காது. பென் டிரைவாகத் தெரியும் போர்டுக்கு அந்த அனுமதியே தேவையில்லை.

2021 ஜனவரியில் வெளிவந்த ராஸ்பெரி பை பிக்கோவும் அதிலுள்ள ஆர்பி2040 சிப்பும் இதே வழியில் செல்கின்றன. கணினியில் அது ஒரு டிரைவாகத் தோன்றும். யூஎஃப்2 என்ற வகைக் கோப்பை அதில் இழுத்து விட்டால் ஃபர்ம்வேர், அதாவது போர்டின் அடிப்படை மென்பொருள், ஏறிவிடும். வகுப்பறைக்கு இன்னும் முக்கியமானது, இந்த ஏற்றும் வசதி சிப்புக்குள் மாற்ற முடியாத ரோம் நினைவகத்தில் பொறிக்கப்பட்டிருப்பது. குழந்தை எழுதும் எந்த நிரலாலும் அதை அழிக்க முடியாது. 264 கிலோபைட் ராம் இருப்பதால், சிறு சிப்புகளுக்கான பைத்தான் மொழியான மைக்ரோபைத்தான் தாராளமாக ஓடும். ஊனோவின் ஏடிமெகா328பி சிப்பில் இருப்பது 2 கிலோபைட் மட்டுமே.

முதல் வடிவமைப்பில் ஆர்பி2040 சிப்பைத் தனியாக வாங்கி, அதற்கான கிரிஸ்டல், ஃபிளாஷ் நினைவகம், யூ.எஸ்.பி. இணைப்பு ஆகியவற்றை நீங்களே வரைய வேண்டாம். பிக்கோவின் இரு ஓரங்களிலும் அரைத் துளைகள் வெட்டப்பட்டிருக்கின்றன, 21 மி.மீ. அகலமும் 51 மி.மீ. நீளமும் கொண்ட அதை ஒரு பெரிய போர்டின் மேல் தட்டையாக வைத்து நேரடியாகச் சால்டர் செய்துவிடலாம். நீங்கள் வரைய வேண்டியது சுற்றியுள்ள பகுதியை மட்டுமே. பிக்கோவில் இல்லாத ஒன்றை மறக்காமல் சேர்க்க வேண்டும்: ரீசெட் பொத்தான். 'ரன்' என்ற பின்னிலிருந்து (பின் என்பது சிப்பின் இணைப்புமுனை) கிரவுண்டுக்கு, அதாவது சுற்றின் 0 வோல்ட் முனைக்கு, ஒரு சிறிய பொத்தான் வைத்தால் கேபிளை ஒவ்வொரு முறையும் பிடுங்கிச் செருக வேண்டியிருக்காது. பிக்கோவிலுள்ள மைக்ரோ யூ.எஸ்.பி. சாக்கெட்டுதான் அதன் பலவீனமான உறுப்பு, எனவே கேபிளைப் பிடுங்கும் வேலை குறைவது சாக்கெட்டின் ஆயுளுக்கும் நல்லது.

பிற்காலத்தில் தனி சிப்பைக் கொண்டு டைப்-சி சாக்கெட்டுடன் வரைய முடிவு செய்தால் ஓர் எச்சரிக்கை. சாக்கெட்டின் இரண்டு சி.சி. பின்களுக்கும் தனித்தனியாக ஒரு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் கிரவுண்டுக்குச் செல்ல வேண்டும். ரெசிஸ்டரே இல்லாவிட்டால் இருபுறமும் டைப்-சி உள்ள கேபிள் மின்சாரமே தராது. இரண்டு பின்களுக்கும் ஒரே ரெசிஸ்டரைப் பகிர்ந்து வைத்தால் சில கேபிள்களில் வேலை செய்யாது; 2019-இல் வெளிவந்த ராஸ்பெரி பை 4-இன் முதல் பதிப்பில் நிகழ்ந்தது இதுதான். சாக்கெட்டின் உலோக உறை மேற்பரப்பில் மட்டும் ஒட்டாமல், போர்டைத் துளைத்துச் சென்று சால்டர் ஆகும் வகையையே தேர்ந்தெடுங்கள்.

படி 3: மின்சாரம்

முதல் விதி பேச்சுக்கே இடமில்லாதது: பொத்தான் பேட்டரி வேண்டாம். லித்தியம் பொத்தான் பேட்டரியை ஒரு சிறு குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே கடுமையான புண் உண்டாகிவிடும். உங்கள் மாணவருக்கு 11 வயதாக இருக்கலாம். ஆனால் போர்டு வீட்டுக்குச் செல்லும், வீட்டில் 2 வயதுத் தம்பி இருப்பான். மைக்ரோபிட்டின் முன்மாதிரியில் இருந்த பொத்தான் பேட்டரிக்கான இடமும் 2015-இல் இறுதி வடிவத்தில் நீக்கப்பட்டது. லித்தியம் பாலிமர் பேட்டரியும் வேண்டாம். துளைபட்டாலும் வளைந்தாலும் தீப்பிடிக்கக் கூடியது அது.

மூன்று ஏ.ஏ. பேட்டரிகள் போதும். பிக்கோவின் மின்சீராக்கி 1.8 முதல் 5.5 வோல்ட் வரை எதைக் கொடுத்தாலும் 3.3 வோல்ட்டாக மாற்றித் தரும். ஆகவே புதிய பேட்டரிகளின் 4.5 வோல்ட்டும், மறுமுறை சார்ஜ் செய்யும் பேட்டரிகளின் 3.6 வோல்ட்டும், பாதி தீர்ந்த பேட்டரிகளின் 3 வோல்ட்டும் ஒன்றுபோல வேலை செய்யும். மலிவான பல போர்டுகளில் இருக்கும் 1117 வகை சீராக்கிக்கு உள்ளீடு வெளியீட்டைவிட ஒரு வோல்ட்டுக்கும் மேல் அதிகமாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட போர்டில் பேட்டரி சற்றுக் குறைந்ததுமே காரணம் தெரியாத கோளாறுகள் தொடங்கும்.

பேட்டரியின் நேர்முனைக்கும் பிக்கோவின் மின் உள்ளீடான வி-சிஸ் பின்னுக்கும் இடையே, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு ஷாட்கி டயோடு வையுங்கள். யூ.எஸ்.பி.யும் பேட்டரியும் ஒருசேர இணைந்திருக்கும்போது யூ.எஸ்.பி. மின்சாரம் பேட்டரிக்குள் பாயாமல் அது தடுக்கும். பேட்டரி தலைகீழாக இணைக்கப்பட்டால் போர்டையும் காக்கும். இந்த இரண்டாவது காரணம் சிறியதல்ல. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும், ஜே.எஸ்.டி. கனெக்டர் பொருத்திய பேட்டரிப் பெட்டிகளில் சிவப்பு வயர் இடப்பக்கமா வலப்பக்கமா என்பதற்குப் பொது நியமம் கிடையாது. கனெக்டர் ஒரே திசையில்தான் செருகும் என்பதால் தவறு நிகழாது என்று நம்பிவிடக் கூடாது.

3.3 வோல்ட் இணைப்பிலிருந்து ஓர் எல்.இ.டி.யை, எப்போதும் எரியும்படி, போர்டின் மேல் மூலையில் வையுங்கள். எந்தக் கேள்விக்கும் ஆசிரியர் முதலில் கேட்க வேண்டியது 'அந்த விளக்கு எரிகிறதா?' என்பதுதான். பேட்டரி தீர்ந்ததா, கேபிள் கழன்றதா, எங்கேனும் ஷார்ட் ஆகியிருக்கிறதா என்ற மூன்று சந்தேகங்களும் அந்த ஒரு விளக்கால் தீரும்.

படி 4: உறுப்புகளும் பின் ஒதுக்கீடும்

வடிவமைப்பின் நுட்பமான பகுதி இதுதான். இங்கே எடுக்கும் முடிவுகளைப் பிறகு மென்பொருளால் முழுமையாகச் சரிசெய்ய முடியாது.

எல்.இ.டி.களிலிருந்து தொடங்கலாம். சிவப்பு எல்.இ.டி. ஏறத்தாழ 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும், 3.3 வோல்ட்டில் மீதமுள்ள 1.3 வோல்ட்டை 330 ஓமால் வகுத்தால் ஏறத்தாழ 4 மில்லி ஆம்பியர் வரும், இன்றைய எல்.இ.டி.களுக்கு வகுப்பறையில் தெளிவாகத் தெரிய அது போதும். நீலம், வெள்ளை, தூய பச்சை எல்.இ.டி.கள் 3 வோல்ட் அளவுக்கு எடுத்துக்கொள்வதால் 3.3 வோல்ட்டில் மங்கலாகவும், ஒன்றுக்கொன்று வேறுபட்ட வெளிச்சத்துடனும் எரியும். ஆகவே சிவப்பு, மஞ்சள், மஞ்சள் கலந்த பச்சை ஆகிய மூன்றையே எடுங்கள்; போக்குவரத்து சிக்னலின் வரிசையிலேயே மேலிருந்து கீழாக வையுங்கள். பின்னில் 1 என்று எழுதினால் விளக்கு எரிய வேண்டும், 0 என்றால் அணைய வேண்டும். எல்.இ.டி.யின் மறுமுனை கிரவுண்டில் இருக்கட்டும், 3.3 வோல்ட்டில் இணைத்தால் எல்லாம் தலைகீழாகிவிடும்.

பொத்தானுக்கும் அதே நியாயம் பொருந்தும். பொறியாளர்களின் வழக்கம் பொத்தானைக் கிரவுண்டுக்கு இணைத்து, அழுத்தினால் 0, விட்டால் 1 என்று படிப்பது. இதற்கு வரலாற்றுக் காரணங்கள் உண்டு, ஆனால் ஒன்பது வயதுக் குழந்தைக்கு அவை எதுவும் தேவையில்லை. பொத்தானை 3.3 வோல்ட்டுக்கு இணைத்து, பின்னிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டர் வைத்தால் அழுத்தும்போது 1 வரும். அந்த ரெசிஸ்டரை 4.7 கிலோ ஓமாக, போர்டிலேயே வையுங்கள். சிப்புக்குள் இருக்கும் ரெசிஸ்டரை நம்ப வேண்டாம். 2024-இல் வந்த பிக்கோ 2-வின் ஆர்பி2350 சிப்பின் தொடக்கப் பதிப்பில் உட்புறக் கீழிழுப்பு ரெசிஸ்டரில் ஒரு குறை இருக்கிறது. பின் இடைநிலை மின்னழுத்தம் ஒன்றில் சிக்கிக்கொள்ளும். வெளியே 8.2 கிலோ ஓம் அல்லது அதற்கும் குறைவான ரெசிஸ்டர் இருந்தால் அது நேராது. பிக்கோவும் பிக்கோ 2-வும் ஒரே அளவு, ஒரே பின் வரிசை என்பதால் 4.7 கிலோ ஓம் வைத்த போர்டில் எதை வேண்டுமானாலும் சால்டர் செய்யலாம்.

ஒளி உணரிக்குப் பெரும்பாலோர் நாடுவது வெளிச்சத்துக்கு ஏற்ப மின்தடை மாறும் எல்.டி.ஆர். மலிவானது, எளிதில் கிடைப்பது; ஆனால் அதன் உணர்பரப்பு காட்மியம் சல்பைடு, குழந்தைகளின் பொருளில் அதைத் தவிர்ப்பதே முறை. அதே விலையை ஒட்டியே கிடைக்கும் ஒளி டிரான்சிஸ்டரை 3.3 வோல்ட் பக்கமும், 10 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் கிரவுண்டு பக்கமும் வையுங்கள். வெளிச்சம் கூடினால் எண் கூடும். இடம் மாற்றி வைத்தால் வெளிச்சம் கூடும்போது எண் குறையும். மின்சுற்று வேலை செய்யும், பாடம் வேலை செய்யாது.

பஸ்ஸர், நிரல் தரும் அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஒலிக்கும் பீசோ வகையாக இருக்கட்டும். மின்சாரம் கொடுத்ததும் ஒரே சுரத்தில் கத்தும் வகையில் பாட்டு வாசிக்க முடியாது. அதன் பாதையில் ஒரு சிறு ஸ்லைடு சுவிட்ச் வையுங்கள். முப்பது போர்டுகள் ஒருசேர ஒலிக்கும் அறையில் ஆசிரியர் பேச வேண்டும் என்பதை வடிவமைப்பாளர் மறந்துவிடக் கூடாது.

இனி எந்த உறுப்புக்கு எந்தப் பின். இங்கே தரும் எண்கள் நிரலில் எழுதும் ஜி.பி.ஐ.ஓ. எண்கள், பிக்கோவின் ஓரத்தில் எண்ணும் வரிசை எண்கள் அல்ல. ஆர்பி2040-இல் பின்னை வேகமாக மாறி மாறி ஏற்றி அணைத்து, ஒலிக்கும் மங்கல் வெளிச்சத்துக்கும் பயன்படும் பி.டபிள்யூ.எம். அலகுகள் எட்டு. ஒவ்வொரு அலகையும் அடுத்தடுத்த இரண்டு பின்கள் பகிர்ந்துகொள்கின்றன. பதினாறு பின்கள் தள்ளி அதே வரிசை மீண்டும் தொடங்குகிறது. ஒரே அலகிலுள்ள பின்களுக்கு அதிர்வெண் ஒன்றாகத்தான் இருக்க முடியும். இதைக் கவனிக்காமல் பஸ்ஸரையும் ஒரு எல்.இ.டி.யையும் ஒரே அலகில் வைத்துவிட்டால், பாட்டு ஒலிக்கும்போது மங்கலாக எரிய வேண்டிய விளக்கு வேறு வெளிச்சத்துக்குத் தாவும். குழந்தை தன் நிரலைத்தான் குறை சொல்லிக்கொள்ளும். பஸ்ஸரை 22-ஆம் பின்னில் வைத்தால் அது மூன்றாம் அலகு. அதே அலகிலுள்ள 6, 7-ஆம் பின்களுக்குப் பொத்தான்களைக் கொடுத்துவிடுங்கள்; பொத்தானுக்குப் பி.டபிள்யூ.எம். தேவையே இல்லை, எனவே மோதல் எழாது. எல்.இ.டி.களுக்கு 2, 3, 4-ஆம் பின்கள். ஒளி உணரிக்கு 26, குமிழுக்கு 27, வெளி இணைப்புக்கு 28. இம்மூன்றுமே பிக்கோவில் மின்னழுத்தத்தை எண்ணாக அளக்க வெளியே கிடைக்கும் பின்கள்.

படி 5: வெளி இணைப்புகளும் பாதுகாப்பும்

முதல் பத்துப் பாடங்களுக்கு வெளி இணைப்பு தேவையில்லை என்றாலும், அதன்பிறகு குழந்தை தானே ஏதாவது செய்து பார்க்க விரும்பும். அலுமினியத் தாளில் தொடு பொத்தான், தண்ணீர் மட்டம் அறியும் கம்பி, அட்டைப் பெட்டியில் ஒரு கதவு மணி என்று அது தொடங்கும் இடம் இதுதான். இதற்கு முதலைக் கவ்விகளே சிறந்தவை. போர்டின் கீழ் ஓரத்தில் 4 மி.மீ. துளையும் அதைச் சுற்றி அகலமான தாமிர வளையமும் கொண்ட ஐந்து இணைப்புகளை வையுங்கள்: இடக்கோடியில் 3.3 வோல்ட், வலக்கோடியில் கிரவுண்டு, நடுவில் 8, 9, 28 ஆகிய மூன்று பின்கள். 3.3 வோல்ட்டும் கிரவுண்டும் அடுத்தடுத்து இருந்தால் ஒரே கவ்வி இரண்டையும் கடித்துவிடும்.

மூன்று பின்களுக்கும், பொத்தான்களின் பின்களுக்கும்கூட, தொடராக 330 ஓம் ரெசிஸ்டர் வையுங்கள். 3.3-ஐ 330-ஆல் வகுத்தால் 10 மில்லி ஆம்பியர். குழந்தை பின்னை அவுட்புட்டாக அமைத்து நேரடியாகக் கிரவுண்டில் தொட்டாலும் அதற்கு மேல் பாயாது. பொத்தானின் பின்னைத் தவறுதலாக அவுட்புட்டாக்கி 0 எழுதிவிட்டு பொத்தானை அழுத்துவது நிச்சயமாக நிகழப்போகும் தவறு. அந்த ஒரு ரெசிஸ்டர் சிப்பைக் காப்பாற்றும். 3.3 வோல்ட் வளையத்துக்குச் செல்லும் பாதையில் தானே மீளும் பாலிஃபியூஸ் ஒன்று இருக்கட்டும். அந்த வளையத்தைக் கிரவுண்டோடு இணைத்தால், எப்போதும் எரியும் மேல் மூலை விளக்கு மங்கும் அல்லது அணையும், இணைப்பை எடுத்ததும் சற்று நேரத்தில் மீளும்; எதுவும் கெடாது, தவறு எங்கே என்பதும் உடனே தெரியும்.

5 வோல்ட்டை வெளியே எங்கும் கொண்டுவராதீர்கள். ஆர்பி2040-இன் பின்கள் 5 வோல்ட்டைத் தாங்க வடிவமைக்கப்பட்டவை அல்ல. தொட முடியாத இடத்தில் இருக்கும் 5 வோல்ட்டால் ஆபத்தும் இல்லை. வெளியே கிடைக்கும் ஒவ்வோர் உலோகத்தையும் மற்ற எல்லா உலோகத்தோடும் ஒரு வயரால் இணைத்துப் பார்த்து, போர்டு பிழைக்கிறதா என்று நீங்களே சோதியுங்கள். பிழைக்காத போர்டு வகுப்பறைக்குப் போகக் கூடாது.

படி 6: மின்சுற்றுப் பலகையை வரைதல்

உறுப்புகள் எல்லாம் மேல் பக்கத்தில் மட்டும் இருக்க வேண்டும். கீழ்ப் பக்கத்தில் கூர்மையான கால்கள் நீட்டிக்கொண்டிருந்தால் கையைக் கீறும். இரும்பு மேசையில் வைத்தால் ஷார்ட் ஆகும். பஸ்ஸர், குமிழ் ஆகியவற்றுக்கும் மேற்பரப்பில் சால்டர் ஆகும் வகைகள் கிடைக்கின்றன; கிடைக்காத ஒன்றிரண்டுக்குக் கீழே ரப்பர் பாதங்கள் ஒட்டி உயர்த்திவிடுங்கள். மூலைகளை 4, 5 மி.மீ. ஆரத்தில் வளையுங்கள்.

பொத்தான்கள் இரண்டும் இரு கைகளின் கட்டைவிரல்கள் இயல்பாக விழும் இடத்தில், போர்டின் இருபுறமும் இருக்கட்டும். அளவை முடிவு செய்ய அட்டையில் வெட்டி ஒரு குழந்தையின் கையில் கொடுத்துப் பாருங்கள்; பெரியவரின் கைக்குப் பொருந்துவது பெரும்பாலும் அகலம் கூடியதாக இருக்கும். யூ.எஸ்.பி. சாக்கெட் மேல் ஓரத்தில், கேபிள் கைகளுக்கு இடையே வராதபடி அமைய வேண்டும். ஒளி உணரியைப் பஸ்ஸரின் நிழலிலோ எல்.இ.டி.க்கு அருகிலோ வைக்காதீர்கள், எல்.இ.டி.யின் வெளிச்சத்தைப் பார்த்து அணைந்து, அணைந்ததால் மீண்டும் எரியும் விளக்கு, இருட்டில் எரியும் விளக்குப் பாடத்தையே குழப்பிவிடும்.

போர்டின் மேல் அச்சிடும் எழுத்துகளுக்கு இந்த வேலையில் மற்ற எதற்கும் குறையாத நேரம் ஒதுக்குங்கள். தமிழ் வழியில் படிக்கும் மாணவர்களுக்கு 'விளக்கு', 'ஒலி', 'ஒளி', 'குமிழ்' என்று தமிழிலேயே அச்சிடலாம். 2023-இல் வந்த கிகேட் 7 முதல் கணினியிலுள்ள எழுத்துருக்களைப் பயன்படுத்தும் வசதி இருக்கிறது. ஆங்கில எழுத்துக்குப் போதுமான 1 மி.மீ. உயரம் தமிழுக்குப் போதாது. அந்த அளவில் புள்ளி மறைந்துவிடும், கொம்பின் சுழி மூடிக்கொள்ளும், 'ண'வும் 'ன'வும் ஒன்றாகத் தெரியும். குறைந்தது 2.5 மி.மீ. உயரமும், 0.15 மி.மீ.க்குக் குறையாத கோட்டுத் தடிப்பும் கொடுத்து, காகிதத்தில் உண்மையான அளவில் அச்சிட்டுப் படித்துப் பாருங்கள். ரெசிஸ்டர், கப்பாசிட்டர் ஆகியவற்றின் வரிசை எண்களை மேல் பக்கத்திலிருந்து நீக்கிவிடுங்கள். அவை பழுதுபார்ப்பவருக்குத்தான் தேவை, வரைபடத்தில் இருந்தால் போதும். நிரலில் குழந்தை தட்டச்சு செய்யும் பெயர் வேறு மொழியில் இருந்தால் அதையும் தமிழ்ப் பெயருக்குக் கீழே அச்சிட வேண்டும்.

ஆர்டர் செய்யும்போது இரண்டடுக்கு, 1.6 மி.மீ. தடிமன் என்ற வழக்கமான தெரிவுகள் போதும். மேற்பூச்சில் மட்டும் கவனம் வேண்டும். பல தயாரிப்பாளர்களிடம் மிக மலிவாகக் கிடைக்கும் பூச்சு ஈயம் கலந்தது. நாள் முழுவதும் விரல் படும் தாமிர வளையங்களில் ஈயம் இருக்கவே கூடாது. தங்கப் பூச்சையோ, குறைந்தபட்சம் ஈயமில்லாத பூச்சையோ கேட்டு வாங்குங்கள், சால்டருக்கும் ஈயமில்லாத வகையையே குறிப்பிடுங்கள். தங்கப் பூச்சு கவ்விகள் உராய்வதையும் வியர்வையையும் நன்றாகத் தாங்கும் என்பதால் கூடுதல் செலவு வீணாகாது. முதலில் ஐந்து மட்டும் தயாரியுங்கள்.

படி 7: போர்டோடு வரும் மென்பொருள்

குழந்தை முதன்முதலில் கேபிளைச் செருகும்போதே போர்டு உயிர் பெற வேண்டும். விளக்குகள் வரிசையாக எரிந்து, ஒரு சிறு ஒலி எழுந்து, பொத்தானை அழுத்தினால் பதில் தரும் ஒரு நிரலை முன்கூட்டியே ஏற்றி அனுப்புங்கள். இதையே சுயசோதனையாகவும் ஆக்கலாம்: இரண்டு பொத்தான்களையும் அழுத்திக்கொண்டு ரீசெட் செய்தால், மாணவரின் நிரல் எதுவாக இருந்தாலும் அதை ஒதுக்கிவிட்டு இந்தச் சோதனை ஓட வேண்டும். 'என் போர்டு கெட்டுப்போய்விட்டது' என்று வரும் மாணவருக்கு ஆசிரியர் அரை நிமிடத்தில் பதில் சொல்ல முடியும். விளக்கு சோதனையில் எரிகிறது, ஆகவே தேட வேண்டியது நிரலில்தான்.

9, 10 வயதினருக்கு, கட்டங்களை இணைத்து நிரல் அமைக்கும் மைக்ரோபிளாக்ஸ் பொருத்தமானது. அது பிக்கோவில் இயங்கும், கட்டத்தை மாற்றியதும் காத்திருக்காமல் போர்டில் மாற்றம் தெரியும். 12 வயதுக்கு மேல் மைக்ரோபைத்தானும், எஸ்டோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் உருவான, பைத்தான் நிரல் எழுத உதவும் தோனி மென்பொருளும் நல்ல இணை. எதுவானாலும் உங்கள் போர்டுக்கான ஒரு சிறு லைப்ரரியை, அதாவது மாணவரின் நிரல் பயன்படுத்திக்கொள்ளும் ஆயத்த நிரல் தொகுப்பை, எழுத வேண்டும். அளவீடுகள் 0 முதல் 65535 வரை வராமல் 0 முதல் 100 வரை வரட்டும். பொத்தானின் உலோகம் அதிர்வதால் ஒரே அழுத்தம் பல அழுத்தங்களாக எண்ணப்படுவதை லைப்ரரியே 20 மில்லி விநாடி காத்திருந்து தவிர்க்கட்டும். இந்த லைப்ரரியைத் தனிக் கோப்பாகப் போர்டில் வைக்காமல் மைக்ரோபைத்தான் ஃபர்ம்வேருக்குள்ளேயே சேர்த்துத் தொகுத்துவிடுங்கள். தனிக் கோப்பாக இருந்தால் முதல் வாரத்திலேயே யாராவது அழித்துவிடுவார்கள். அப்படித் தொகுத்த யூஎஃப்2 கோப்பையும், நினைவகத்தை முழுவதுமாகத் துடைக்கும் யூஎஃப்2 கோப்பையும் ஒரு பென் டிரைவில் ஆசிரியரிடம் கொடுத்து வையுங்கள்.

தரவு கடத்தும் கேபிளைப் போர்டோடு சேர்த்தே கொடுங்கள். வீட்டில் கிடைக்கும் கேபிளைப் பயன்படுத்தச் சொன்னால் சார்ஜ் மட்டும் செய்யும் கேபிள்கள் வந்து சேரும்.

படி 8: குழந்தைகளிடம் சோதித்தல்

ஐந்து போர்டுகள் வந்ததும் நான்கைந்து குழந்தைகளை அழைத்து, முதல் பாடத்தின் தாளைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் பாருங்கள். உதவி செய்யத் துடிக்கும் கையையும் வாயையும் கட்டுப்படுத்துவது கடினம், ஆனால் நீங்கள் சொல்லிக்கொடுக்கும் ஒவ்வொரு வார்த்தையும் போர்டின் ஒரு குறையை மறைக்கிறது. குழந்தையின் விரல் எங்கே தயங்குகிறது, எந்தப் பெயரை இரண்டு முறை படிக்கிறது, ரீசெட்டைப் பொத்தான் 1 என்று நினைத்து அழுத்துகிறதா, போர்டைத் தலைகீழாகப் பிடிக்கிறதா என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ரீசெட் பொத்தான் சிறியதாகவும் வேறு நிறத்திலும் இருக்க வேண்டும் என்பது போன்ற திருத்தங்கள் இந்த மேசையில்தான் கிடைக்கும், வரைபடத்தை எத்தனை முறை பார்த்தாலும் கிடைக்காது.

குறிப்புகளைக் கொண்டு இரண்டாம் பதிப்பை வரையுங்கள். பதிப்பு எண்ணைப் போர்டின் பின்பக்கம் அச்சிடுங்கள். உறுப்புகளின் இடம், அளவு, நிறம், எழுத்து எதை வேண்டுமானாலும் மாற்றலாம். பின் ஒதுக்கீட்டை மட்டும் மாற்றாமல் இருப்பது நல்லது. அதற்குள் பாடத் தாள்கள் அச்சாகியிருக்கும், ஆசிரியர்கள் பழகியிருப்பார்கள், பழைய போர்டுகளும் அதே வகுப்பில் புழங்கும். தவிர்க்கவே முடியாமல் ஒரு பின்னை மாற்ற வேண்டியிருந்தால், இரண்டு பதிப்புகளையும் ஃபர்ம்வேர் தானே வேறுபடுத்தி அறிய, பயன்படாத ஒரு பின்னை 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியே முதல் பதிப்பில் கிரவுண்டுக்கும் இரண்டாம் பதிப்பில் 3.3 வோல்ட்டுக்கும் இணையுங்கள். முதல் பதிப்பை வரையும்போதே இதற்கான ரெசிஸ்டரைச் சேர்த்துவிட்டால், மாணவரின் நிரலில் ஓர் எழுத்துகூட மாறாமல் லைப்ரரி அந்த வேறுபாட்டைத் தாங்கிக்கொள்ளும்.